கரண்ட் இல்லை என்று சொன்னேன்

2022 ஏப்ரலில், குறிஞ்சாக்கேணியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தபடி ஒரு மின்னஞ்சல் எழுதினேன். இலங்கையில் கரண்ட் இல்லை, அதனால் என் கோப்புகள் கெட்டுவிட்டன, எல்லாவற்றையும் திரும்ப ஓட்ட வேண்டும் என்பது அதன் சாரம். கரண்ட் இல்லை என்பது உண்மை. மற்றதெல்லாம் பொய். பாதி உண்மையாக இருந்தபடியால் யாரும் அதைத் தட்டிப் பார்க்கவில்லை.

அப்போது நான் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் துணிக்கைப் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் எனக்கு நல்லதையே செய்தார்கள். குற்றவாளி நான் ஒருவன்தான்.

ஊரில் என் படிப்பு வேறு விதமாகப் பரவியிருந்தது. "மகன் செர்ன்ல இருக்கான்" என்று வாப்பா எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தார். செர்ன் என்பது ஜெனீவாவில் இருக்கும் துணிக்கைப் பௌதிகவியல் ஆய்வுகூடம். ஒரு கோடைகால வகுப்புக்காக அங்கே போய்வந்தவன் நான், அவ்வளவுதான். வாப்பாவைத் திருத்தவில்லை. 2012 ஜூலை 4ஆம் திகதி ஹிக்ஸ் துணிக்கை கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்தபோது நான் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆனாலும் எங்கள் பக்கத்தில் சிலருடைய கணக்கில் அதைக் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருவன். பத்திரிகைகள் பரப்பிய "கடவுள் துகள்" என்ற பெயர் வேறு சங்கடம். ஒருநாள் அசர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அஸ்தஃபிருல்லாஹ், அதென்ன மகன், ஆண்டவனத் தேடிப் புடிக்கிற மெசினா?"

"இல்ல மாமா. அது ஒரு புத்தகத்துக்கு வெச்ச பேரு. எங்கட ஆக்கள் அப்பிடிச் சொல்றல்ல."

"அப்ப நீ அங்க என்னத்தச் செய்யிறாய்?"

"ஆராய்ச்சி" என்றேன். உண்மையான பதில், ஒரு கறுப்புத் திரையில் கட்டளை தட்டிவிட்டுக் காத்திருக்கிறேன் என்பது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஏமாற்ற வாய் பழகிய இடம் அதுவென்று இப்போது நினைக்கிறேன்.

துணிக்கைப் பௌதிகவியலுக்குப் புதிதாக வருகிறவர் முதலில் பார்ப்பது மோதுகருவியை அல்ல, அந்தக் கறுப்புத் திரையைத்தான். ஜெனீவாவில் நிலத்துக்கு அடியில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோத்தன் கொத்துகள் செக்கனுக்கு ஏறத்தாழ 4 கோடி தடவை ஒன்றையொன்று கடக்கின்றன. பெரும்பகுதியை அந்த இடத்திலேயே கழித்துவிட்டு மிகச் சிறு பங்கைத்தான் சேமிக்கிறார்கள். அந்தச் சிறு பங்கே ஒரு நாட்டுக் கணினிகளுக்கு அடங்காது. அதனால் 40க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 கணினி நிலையங்கள் அதைப் பங்குபோட்டுச் சுமக்கின்றன. மும்பையின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரோன் நிலையமும் அவற்றில் அடக்கம். எங்கள் பிராந்தியம் இதற்கெல்லாம் புதியது என்றும் சொல்ல முடியாது. சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 2004இலேயே 144 கணினிகளைப் பிணைத்து 'கப்ரு' என்ற கிளஸ்டரைக் கட்டியது. குவார்க்குகளை ஒட்டிவைத்திருக்கும் வல்விசையைக் கணக்கிடுவதற்கென்று கட்டிய அது, உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் இடம்பிடித்தது. இலங்கை 2017இல் செர்னோடு ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்தது. மாத்தறையில் ருகுணுப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறை செர்னின் சி.எம்.எஸ். பரிசோதனையின் ஆய்வுக் கட்டுரைகளில் பெயர் போடுகிறது.

கிளஸ்டர் என்பது எங்கள் ஊர் அரிசி ஆலை மாதிரி. மூட்டையைக் கொண்டுபோய் வரிசையில் வைக்கலாம், மெசினுக்குள் கைவிட முடியாது. நீங்கள் உள்ளே நுழையும் கணினிக்கு லொகின் நோட் என்று பெயர்; அது வாசல். வேலையை விவரிக்கும் ஒரு ஸ்கிரிப்ட்டை அங்கே எழுதி வரிசைக்கு அனுப்பினால், ஸ்லர்ம் போன்ற ஒரு நிரல் இடம் கிடைக்கும்போது அதை உள்ளே இருக்கும் கணினி ஒன்றில் ஓட்டும். நான் கணக்குத் திறந்த கையோடு வாசலிலேயே பெரிய கணக்கொன்றை ஓட்டினேன். அங்கே நுழைந்திருந்த அத்தனை பேருடைய திரையும் மெதுவாகிவிட்டது. நிருவாகியிடமிருந்து பணிவான ஒரு கடிதம் வந்தது. பிறகு, காப்புப் பிரதி எடுக்கப்படும் சிறிய ஹோம் கோப்பகத்தை நிரப்பி, ஒரு கோப்பும் எழுத முடியாமல் நின்றேன். இவை எல்லாரும் செய்கிற பிழைகள். வாக்குமூலம் எழுதும் அளவுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

என் வேலை போலி மோதல்களை உண்டாக்குவது. தேடுகிற அரிய நிகழ்வு எப்படி இருக்கும், அதைப் போலவே தோற்றம் காட்டும் சாதாரண நிகழ்வுகள் எத்தனை வரும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே நடத்திப் பார்க்க வேண்டும். சுவீடனின் லுண்ட் நகரத்தில் பிறந்த பைதியா என்ற நிரல் மோதலை உண்டாக்கும். அதிலிருந்து சிதறும் துணிக்கைகள் உணர்கருவியின் இரும்பிலும் சிலிக்கனிலும் என்ன பாடுபடும் என்பதை ஜியான்ட்4 கணக்கிடும். இரண்டும் எழுமாற்று எண்களை நம்பி ஓடுபவை. ஆனால் கணினி தரும் எழுமாற்று எண் உண்மையில் எழுமாறானது அல்ல. ஒரு விதை எண்ணிலிருந்து கணிதப்படி முளைக்கும் தொடர் அது. ஒரே விதை கொடுத்தால் அதே தொடர் வரும், அதே மோதல்கள் வரும். நீங்கள் ஒன்றும் கொடுக்காவிட்டால் பைதியா ஒவ்வொரு தடவையும் 19780503 என்ற எண்ணிலிருந்தே தொடங்கும். அப்படி வைத்ததில் நியாயம் இருக்கிறது. பிழை தேடும்போது நேற்று வந்தது இன்றும் வந்தால்தானே தேட முடியும்? ஜியான்ட்4உம் தானாக விதையை மாற்றிக்கொள்ளாது.

நான் பாவித்த ஸ்கிரிப்ட் எனக்கு முன் இருந்த ஒரு மாணவர் எழுதியது. ஓட்டும்போது அது கூடவே ஒரு எண்ணைக் கேட்டது. கொடுக்காவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். அந்த எண் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்து மேசையில் கேட்டிருக்கலாம், கையேட்டைப் புரட்டியிருக்கலாம். இவ்வளவு நாள் இருந்துவிட்டு இதைக்கூடத் தெரியாதா என்று நினைப்பார்களே என்ற பயம். அந்த எண்ணைக் கேட்ட வரியையும் அதைப் பயன்படுத்திய வரிகளையும் ஸ்கிரிப்ட்டிலிருந்து நீக்கிவிட்டேன். பிழை காட்டவில்லை, அழகாக ஓடியது. நீக்கியது விதை எண்ணை.

நோன்பு பிடிக்க மார்ச் கடைசியில் ஊருக்கு வந்திருந்தேன். அந்த நாட்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். டொலர் இல்லை, டீசல் இல்லை. மார்ச் 30இல் 10 மணித்தியாலம், 31இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு. எங்கள் கொட்டியாரக் குடாவின் கரையில், சம்பூரில் வரவிருந்த அனல்மின் நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டதைப் பற்றி ஆளுக்கொரு கருத்தோடு இருட்டில் பேசிக்கொண்டிருந்தோம். கரண்ட் வரும் நேரத்தில் போனையும் மடிக்கணினியையும் நிரப்பிக்கொள்வேன். போனின் தரவில்தான் கிளஸ்டருக்குள் நுழைவேன். தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும். அப்படி ஒரு நேரத்தில் 500 வேலைகளை ஒரே கட்டளையில் வரிசைக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றும் 20,000 மோதல்களை உண்டாக்கும், ஏறத்தாழ ஒரு நாள் ஓடும். மொத்தம் ஒரு கோடி மோதல்கள் கிடைக்கும் என்பது என் கணக்கு.

ஒருமுறை வரிசைக்குப் போன வேலை, அனுப்பியவனின் தொடர்பு அறுந்தாலும் தன்பாட்டில் ஓடும். குறிஞ்சாக்கேணியில் கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன, அந்த 500உம் வேறொரு கண்டத்தில் குறைவில்லாத மின்சாரத்தில் ஓடி முடிந்தன.

முடிவை ரூட் என்ற நிரலில் வலையுருவரையமாகப் போட்டுப் பார்த்தபோது நடுவில் ஒரு துருத்தல் தெரிந்தது. வழுக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை, துருத்தலோ பெரியது. சாதாரண நிகழ்வுகளில் அப்படி ஒன்று வரக்கூடாது. நான் என்னத்தையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று உள்ளம் துள்ளியது. படத்தைக் குழுவுக்கு அனுப்பினேன். நோன்பு மயக்கம் என்று சாட்டுச் சொல்லலாம், ஆனால் அது பெயருக்கு ஏங்கியவனின் அவசரம். மேற்பார்வையாளர் ஒரே வரியில் பதில் போட்டார்: விசித்திரமாக இருக்கிறது, எண்களைப் பார்.

அன்றிரவு பார்த்தேன். வலையுருவரையத்தில் ஒவ்வொரு கட்டத்தின் எண்ணும் 500இலோ 000இலோ முடிந்தது. ஒன்றுகூட விலகவில்லை. 500 வேலைகளும் அதே 20,000 மோதல்களை 500 தடவை எழுதிவைத்திருந்தன. 100,000 என்று காட்டிய கட்டத்துக்கு ரூட் 316 என்று வழு போட்டிருந்தது, நூற்றுக்கு 0.3 அளவில். உண்மையில் அந்தக் கட்டத்தில் விழுந்தவை 200 நிகழ்வுகள்; அவற்றின் வழு 14, அதாவது நூற்றுக்கு 7. வழுவை 22 மடங்கு சுருக்கிக் காட்டியிருந்தேன். என் துருத்தல், எந்தச் சிறு மாதிரியிலும் வருகிற ஏற்ற இறக்கம்.

அந்த இடத்தில் நான்கு சொல் போதும்: "விதை எண்ணை மறந்துவிட்டேன், மன்னியுங்கள்." இந்தத் துறையில் இதைச் செய்யாதவர்கள் குறைவு. சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். நான் எழுதியது வேறு. கோப்புகளை ஒன்று சேர்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்த் தொடர்பு அறுந்துவிட்டது, சேர்த்த கோப்பு பழுதாகிவிட்டது, இடம் போதாமல் மூலக் கோப்புகளை ஏற்கனவே அழித்துவிட்டேன் என்று எழுதினேன். மூலக் கோப்புகளை அழித்தது உண்மைதான். ஆனால் அந்த மின்னஞ்சலை அனுப்பிய பிறகுதான் அழித்தேன், யாராவது திறந்து பார்த்துவிடுவார்கள் என்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு நான்கு மாதம் முன்னால், 2021 நவம்பர் 23ஆம் திகதி, எங்கள் ஊர்க் களப்பில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைக்குப் போன பிள்ளைகள் இறந்தார்கள். பாலம் கட்டும் வேலை நடந்ததால் சனம் அந்தப் படகுப் பாதையை நம்பியிருந்த காலம். குறிஞ்சாக்கேணி என்ற பெயர் வெளிநாட்டுச் செய்திகளில் வந்தது அன்றைக்குத்தான். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு உங்கள் வீட்டார் சுகமா என்று விசாரித்தார். அறையில் இருந்தவர்கள் என்னோடு பேசாமல் இருந்துகொண்டே ஆறுதல் தந்தார்கள். அந்த இரக்கம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சேர்ந்தது. என் ஊரின் பெயரைச் சொன்னால் இவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதை நான் அப்போது கவனித்திருந்தேன். ஏப்ரலில் அந்தப் பெயரை எடுத்துச் செலவழித்தேன்.

பதில்கள் உடனே வந்தன. கவனமாக இருங்கள், அவசரம் இல்லை, உங்கள் நாட்டுக்காகப் பிரார்த்திக்கிறோம். மேற்பார்வையாளர் என்னை ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னார்.

எங்கள் குழுவில் ஆய்வேட்டைக் கையளிக்கும் நிலையில் ஒரு மாணவி இருந்தார். கிளஸ்டரில் வேலைகளுக்கு முன்பின் தீர்மானிப்பது நியாயப் பங்கு என்ற கணக்கு. ஒரு குழு அண்மையில் எவ்வளவு ஓட்டியதோ அவ்வளவுக்கு அந்தக் குழுவினர் அனைவரும் வரிசையில் பின்னுக்குப் போவார்கள். பழைய செலவு மெல்லத்தான் மறக்கப்படும். ஸ்லர்மில் மாற்றாமல் விட்டால் அதன் அரைவாழ்வு 7 நாள். நான் வீணாக ஓட்டிய 12,000 கோர்-மணித்தியாலம் குழுவின் தலையில் விழுந்தது. அவருடைய வேலைகள் நாள்கணக்கில் தொடங்காமல் நின்றன. வரிசை ஏன் நகரவில்லை என்று என்னிடம்தான் கேட்டார். கிளஸ்டரில் நெருக்கம்போல என்று எழுதினேன்.

என் மின்னஞ்சலைப் படித்துவிட்டு அவர் செய்ததுதான் இன்றுவரை எனக்கு நெஞ்சில் குத்துகிறது. வரிசையில் இருந்த தன் வேலைகளில் பாதியை அவராகவே இரத்துச் செய்தார். "உங்களுக்குக் கரண்ட் இருக்கும் நேரத்தில் உங்கள் வேலை முதலில் ஓடட்டும்" என்று எழுதினார். நான் நன்றி என்று பதில் போட்டேன். அந்த இரவே விதை எண்ணைச் சேர்த்துத் திரும்ப அனுப்பினேன். இந்த முறை சரியாக வந்தது. துருத்தல் இல்லை.

அவருடைய ஆய்வேடு குறித்த திகதியில் கையளிக்கப்பட்டது. அதில் ஒரு வரைபடத்தில் வழுக் கோடுகள் மற்றப் படங்களில் இருப்பதைவிட நீளமாக இருக்கின்றன. மாதிரி போதவில்லை என்று கீழே ஒரு குறிப்பும் உண்டு. போதாமல் போனதற்குக் காரணம் அவருக்குத் தெரியாது. பரீட்சகர்கள் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டார்களாம்.

பின்னொரு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு கோருக்கு 10 வாட் என்று வைத்தால், ஒன்றுக்கும் உதவாத அந்த 500 வேலைகள் எரித்தது 120 யூனிட். எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கும் அவ்வளவு போகாது. உம்மா குப்பி விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு நோன்புக் கஞ்சி காய்ச்சிய நாட்களில், கரண்ட் இல்லை என்று அழுதவன் அங்கே அவ்வளவு கரண்ட்டை வீணாக்கிக்கொண்டிருந்தான்.

தாழ்வு மனப்பான்மை, சிறிய ஊரிலிருந்து போனவனின் பயம் என்று இதற்கு விளக்கம் தரலாம். சில காலம் எனக்கு நானே அப்படித் தந்துகொண்டேன். அது போதாது. என்னைவிடச் சிறிய இடங்களிலிருந்து வந்து, தெரியாததைத் தெரியாது என்று கேட்டவர்கள் அதே அறையில் இருந்தார்கள். எனக்குத் தெரியாததை மறைக்கும் ஆசை இருந்தது, மறைக்க வசதியாக ஒரு நாட்டின் நெருக்கடியும் கிடைத்தது.

இதை எழுதத் தொடங்கும் முன் மேற்பார்வையாளருக்கும் அந்த மாணவிக்கும் நடந்ததை முழுதாக எழுதி அனுப்பினேன். மேற்பார்வையாளர், முடிவுகள் திரும்ப ஓட்டியதிலிருந்து வந்தவையா என்பதை மட்டும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். வெளியான கட்டுரையில் பழைய மாதிரி இல்லை என்பதை அவருக்குக் காட்டினேன். அந்தச் சகோதரி இன்னும் பதில் போடவில்லை. போட வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

கிண்ணியாவிலிருந்து முதுமாணிப் படிப்புக்குப் போகும் ஒரு தம்பி, கிளஸ்டரில் எப்படித் தொடங்குவது என்று கேட்டதால்தான் இவ்வளவும் நினைவுக்கு வந்தது. அவருக்கு எழுதியதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

வாசலில் கணக்கு ஓட்டாதீர்கள். பெரிய கோப்புகளை ஸ்க்ராட்ச் என்ற தற்காலிகக் கோப்பகத்தில் எழுதுங்கள், ஆனால் அது குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு துடைக்கப்படும் இடம் என்பதை மறக்காதீர்கள். நீண்ட நேரம் திறந்து வைத்து வேலை செய்வதென்றால் டீமக்ஸ் போன்ற ஒன்றுக்குள் இருங்கள், தொடர்பு அறுந்தாலும் விட்ட இடத்தில் பிடிக்கலாம். கூட்டமாக வேலை அனுப்பும்போது ஒவ்வொன்றுக்கும் ஸ்லர்ம் தரும் வரிசை எண்ணையே விதையாக்கலாம், ஆனால் அது 0இலிருந்து தொடங்கக்கூடும், அதனால் அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். பைதியாவுக்கு 0 கொடுத்தால் அது கடிகாரத்தைப் பார்த்து விதை எடுக்கும், பிறகு அதே முடிவை உங்களால் திரும்ப வரவழைக்க முடியாது. ஐந்நூறை அனுப்பும் முன் இரண்டை மட்டும் அனுப்புங்கள். இரண்டின் முதல் மோதலையும் திரையில் எழுதிப் பாருங்கள். ஒன்றுபோல இருந்தால் நிறுத்துங்கள்.

பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. செர்ன் 2014 நவம்பரிலிருந்து தன் மோதல் தரவுகளில் ஒரு பகுதியை யாரும் இலவசமாக இறக்கிப் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறது. ரூட் நிரலும் இலவசம். கரண்ட் இருக்கும் நேரத்தில் ஊரிலிருந்தே தொடங்கலாம்.

மற்றவர் எழுதிய ஸ்கிரிப்ட்டில் விளங்காத வரி வந்தால் அதை நீக்காதீர்கள். அது என்னவென்று அன்றைக்கே எழுதிக் கேளுங்கள். கேட்பதற்கென்றே ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். கணக்குத் திறந்ததும் வரும் வரவேற்புக் கடிதத்தில் அதைத் தேடிப் பாருங்கள்.